செவுளில் மாத்திரை

விடியுமுன் ஐந்தேகாலுக்கு
உறைபெட்டியைத் திறக்கிறேன்.
கல்லாக ஒட்டிக்கிடக்கும் மத்தி
குழாய்த் தண்ணீரில் ஒவ்வொன்றாய் விட்டுப் பிரியும்.
செவுளைக் கட்டைவிரலால் தூக்கி
மாத்திரை செருக வேண்டும்:
வைட்டமினுக்கு ஒன்று, வயிற்றுப்புண்ணுக்கு ஒன்று,
ஞாயிறென்றால் மூன்று காட்சி என்பதால்
இன்னும் ஒன்று. அதன் பெயர் என் வாயில் நுழையாது.

தனபாக்கியம் என்பதும்
இங்கே யார் வாயிலும் நுழையாது.
சட்டையில் குத்திய அட்டையில் நான் டேனி.

அவள் க்வேசி.
ஜூலுவில் விடிவெள்ளி.
பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்துச் சூட்டிய பெயர்.
கூரை போட்ட தொட்டியில் பிறந்து
பத்தொன்பது வருஷமாய்
ஒரு வெள்ளியையும் பார்த்திராதவள்.

தமிழில் இவள் இனத்துக்கு ஓங்கில் என்று பெயராம்,
கோயில் வகுப்பில் படித்துவந்து மகள் சொன்னாள்.
ஓங்கி எழுவதாலோ என்னவோ.
இவள் எழுவது
நோம்புசோ விசில் ஊதினால்.

சிரிக்குது பாரு, சிரிக்குது பாரு என்று
முன்வரிசையில் குழந்தைகள்.
தாடையின் வளைவு அது.
இவள் அம்மா செத்து மிதந்த காலையிலும்
அந்தச் சிரிப்பு இருந்தது.

வாசலில் பலகை பிடித்து நிற்கும் பெண்
விட்டுவிடுங்கள் என்கிறாள்.
நல்ல பெண். வெயிலில் மூக்குத்தோல் உரிந்திருக்கிறது.
தண்ணீர் கொடுத்தேன்.
எங்கே விடுவது என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அவளுக்கும் தெரியாது என்பது
எனக்குத் தெரிந்துபோயிருக்கும்.

கழுத்தில் எண் மாட்டிக் கப்பலில் வந்தவர்களோடு
க்வேசியைச் சேர்த்துப் பேசினான் தம்பி பிரகாசன்.
வேண்டாம்டா என்றேன்.
அவர்களுக்கு நினைவில் ஓர் ஊர் இருந்தது.
கரும்புக்காட்டைக் கொளுத்தத் தீக்குச்சியும் இருந்தது.

ஜூலை.
கடலுக்குள் கறுப்பாய் ஒரு மேகம்
வடக்கே நகர்ந்துவந்தது.
மத்தி வந்துட்டுது என்று யாரோ கத்த
டர்பன் கரை முழுக்க வாளிகள்,
டை கட்டியவனும் முழங்கால் தண்ணீரில்.
தம்பியின் வலையில் துள்ளத்துள்ள வெள்ளி.
அலைக்கு அப்பால்
எண்ண முடியவில்லை,
முதுகு முதுகாய் ஓங்கில்கள்,
குட்டிகளை நடுவில் விட்டு,
கேட்காத தூரத்தில் ஒன்றையொன்று கூப்பிட்டபடி.

அதற்கும் எங்கள் மதிலுக்கும் இருநூறு எட்டு இருக்கலாம்.
தொட்டித் தண்ணீரும் அந்தக் கடல்தான்,
மணலில் மூன்று முறை வடித்தது.
எதையெல்லாம் வடித்தோம் என்று
அன்றுதான் யோசித்தேன்.

உயிரோடு ஐந்து மத்தி. வாளியோடு ஓடிவந்தேன்.
நான்கு வழியிலேயே மல்லாந்துவிட்டன.
ஐந்தாவதை,
காட்சி முடிந்து விளக்கணைந்ததும்
தொட்டியில் விட்டேன்.

க்வேசி வந்தாள்.
டிக் டிக்கென்று ஒலியை அதன்மேல் எறிந்தாள்.
பின்வாங்கினாள்.
மறுபடி மூக்குநுனி தொடும் தூரம்வரை வந்து,
திரும்பி,
என் கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி.
தானாய் நீந்துவதைத் தின்னலாமா என்பதுபோல.
என்னிடம் விசில் இல்லை.

மத்தி சுவரோரமாய்ச் சுற்றியது.
அவளும் சுற்றினாள், ஒரு முழம் பின்னால்.
கூட்டத்தோடு வந்தது ஒன்று,
கூட்டமே அறியாதது ஒன்று.
இரவுக்காவலர் சொன்னார்,
மூன்று மணிக்கும் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தார்களாம்.

இரண்டாம் நாள் மருத்துவர் கண்டுபிடித்தார்.
கிருமி, விதிமுறை, எச்சரிக்கைக் கடிதம்.
அவர் சொன்னதில் தப்பில்லை. கையெழுத்திட்டேன்.
மறுநாள் காலை பிடிவலையோடு போனபோது
தொட்டியில் மத்தி இல்லை.

வாளி மீனில் நான்கை
அன்று அவள் தொடவே இல்லை.

வடிகட்டி இழுத்திருக்கும் என்றார் மருத்துவர்.
இருக்கலாம்.
வடிகட்டியைத் திறந்து துடைப்பதும் என் வேலைதான், தினமும்.
அன்று திறக்காமலே
துடைத்தாயிற்று என்று
பதிவேட்டில் எழுதினேன்.